கோடை விடுமுறையில் வளரும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் இருக்கிறோம். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13. மே மாதம் பிறந்ததும் தஞ்சாவூரிலிருந்து அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். நான்கு பேருமே வளரும் வயது. மளிகைக் கணக்கை வருடக்கணக்கில் ஒரே நோட்டில் எழுதி வருகிறேன். அதனால் தெருவிலும் சொந்தத்திலும் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். விலைகள் போன கோடையில் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

விடுமுறையில் செலவு உண்மையிலேயே கூடுகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

கூடத்தான் செய்கிறது. போன வருடம் மார்ச் மாதம் மளிகை, பால், காய், முட்டை, கறி எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக் கணக்கு 11,400 ரூபாய். மே மாதம் 16,900. அக்கா பிள்ளைகளுக்கென்று 2,500 கழித்தாலும், என் இரண்டு பிள்ளைகளும் நாள் முழுக்க வீட்டில் இருந்ததற்கு மட்டும் 3,000 ரூபாய் கூடியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து அந்த 3,000 எங்கே போனது என்று பிரித்துப் பார்த்தேன். அரிசியும் மாவும் 450. தினம் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கியதில் 600. முட்டை, பயறு வகையில் 350. மீதி 1,600 ரூபாயும் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், ஐஸ்கிரீம், கலர் என்று கடைக்குப் போயிருந்தது. பிள்ளைகள் சோறும் இட்லியும் கூடுதலாகச் சாப்பிட்டதால் ஆன செலவு பாதிகூட இல்லை. 11 மணிக்கும் 4 மணிக்கும் பசித்தபோது அடுப்படியில் ஒன்றும் தயாராக இல்லை, அதனால்தான் பாதிக்கு மேல் போயிருக்கிறது. அது தெரிந்த பிறகு, அரிசிப் பானையைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

ஒரு பையன் இவ்வளவு சாப்பிடுவானா? வயிற்றில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 2,860. 16 முதல் 18 வயதுக்கு 3,320. அலுவலகம் போய்வரும் அப்பாவைவிட பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு 1,200 கலோரி அதிகம் வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. ஆக, அப்பா சாப்பிடுவதற்கு மேல் கிட்டத்தட்ட 350 கிராம் வேகவைக்காத அரிசி அளவுக்கு அவன் வயிறு கேட்கிறது. ஓடி ஆடி விளையாடும் பையன் என்றால் அது நியாயமான பசி.

பள்ளி நாட்களில் இது நம் கண்ணில் படுவதில்லை. காலையில் அவசரமாக நாலு இட்லி, மதியம் டிபன் பாக்ஸில் கொண்ட அளவு, சாயங்காலம் வந்து ஒரு பாய்ச்சல். விடுமுறையில் அவன் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதை நாளுக்கு ஆறு தடவை பார்க்கிறோம். பசி அதேதான், இப்போது நம் முன்னால் நிற்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிறையச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, தண்ணீர் தாகம் அடங்கவில்லை, ராத்திரி அடிக்கடி சிறுநீருக்கு எழுந்திருக்கிறான் என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போய் சர்க்கரை பார்த்துவிடுங்கள். இந்த வயதிலும் அது வரும்.

பெண் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு அக்கா மகள் வந்திருந்தாள், 14 வயது. முதல் நாள் ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, "போதும் சித்தி" என்று எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. மறுநாளுக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றை, சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, ஊறுகாய்கூட இல்லாமல் வெறும் உப்பைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். வந்த அன்று கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள, என்ன இப்படிச் சாப்பிடுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சொன்னவருக்கு அது மறந்தே போயிருக்கும். பிள்ளை மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறது.

அதே அட்டவணையில் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 2,400 கலோரி, 16 முதல் 18-க்கு 2,500. அப்பாவின் கணக்கைவிட அதிகம். இரும்புச்சத்தோ 13 முதல் 15 வயதில் பையனுக்கு 22 மில்லிகிராம் என்றால் பெண்ணுக்கு 30. மாதவிடாய் தொடங்கிய வயதில் முட்டையும் கறியும் அண்ணனுக்கு, குழம்பு தங்கைக்கு என்று பிரிக்கும் வழக்கம் இன்னும் பல வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, ஈரல், கருவாடு எல்லாம் அவளுக்குத்தான் முதலில். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடுமுறையிலும் விட வேண்டாம். கையில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம், எந்தப் பிள்ளையானாலும் தட்டில் விழும் இட்லியை வாய்விட்டு எண்ணாதீர்கள்.

11 மணிப் பசிக்கும் 4 மணிப் பசிக்கும் என்னதான் கொடுப்பது?

நொறுக்குத் தீனி என்று நினைக்காமல் சாப்பாடு என்றே நினையுங்கள். மூன்று வேளைக்குத் திட்டம் போட்டால் நான்காவது வேளையைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். நான் இப்போது விடுமுறைக்கு நாலரை வேளை என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

11 மணிக்கு அரை வேளை. முதல் நாள் ராத்திரி ஒரு டம்ளர் அரிசி கூடுதலாக வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. மண்சட்டியில் வைத்தால் இந்த வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். கட்டியான மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய் ஒன்று வறுத்து வைத்தால் என் பையன் அண்டாவையே காலி செய்வான். முதலில் முகம் சுளித்தவன்தான் இவனும். சோற்றைக் கையால் நன்றாகப் பிசைந்து, மோரை ஃப்ரிட்ஜில் வைத்து ஊற்றி, பெரிய டம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். கம்மங்கூழ், கேழ்வரகுக் கூழும் இப்படித்தான்.

4 மணிக்கு முழு வேளை. ராத்திரி படுக்கப் போகும்போது கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ கால் கிலோ ஊறப்போட்டுவிடுவேன். ஊறி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும், நாலு பேருக்கும் வயிறு நிறையச் சுண்டல். இன்னொரு நாள் கேழ்வரகு அடை. 400 கிராம் மாவு 20 ரூபாய், கொல்லையில் பறித்த முருங்கைக்கீரை, வெங்காயம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குள் முடியும். நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு நூடுல்ஸ் பாக்கெட் என்றால் 8 பாக்கெட், 15 ரூபாய் வீதம் 120. அதுவும் ஏழு மணிக்கு மறுபடி பசிக்கிறது என்று வந்து நிற்பார்கள். அடை சாப்பிட்ட அன்று ஒன்பது மணி வரை சத்தமே இல்லை.

அவித்த வேர்க்கடலை, அவல் உப்புமா, முட்டை தோசை, இட்லி மீந்தால் தாளித்த இட்லி. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, நம் வீட்டுச் சமையல்தான். நாலு மணிக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் அதற்குள் பையன் தெருமுனைக் கடையில் இருப்பான்.

மாவு வீட்டில் அரைப்பது லாபமா, பாக்கெட் வாங்குவது லாபமா?

வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அரைப்பதுதான். ஒரு கிலோ ரேஷன் புழுங்கலரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். உளுந்து கிலோ 135 என்றால் கால் கிலோ 34 ரூபாய். ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். அதே மாவு பாக்கெட்டில் கிலோ 50 வீதம் 150 ரூபாய். கடை இட்லி அரிசி வாங்கி அரைத்தால்கூட 80 ரூபாய்க்கு மேல் போகாது. எங்கள் வீட்டில் மே மாதம் வாரத்துக்கு மூன்று தடவை அரைக்கிறோம், பாக்கெட் விலையில் அதை யோசித்துக்கூடப் பார்க்க முடியாது.

கோடையில் ஒரே தொந்தரவு புளிப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே வைத்த மாவு விடிவதற்குள் மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு மேடை முழுக்க வழிந்திருக்கும். அதனால் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள். அரைத்த உடனே பாதியை உப்புப் போடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்தால் போதும், ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மீறிப் புளித்துவிட்டால் வெங்காயம், மிளகாய் போட்டுப் பணியாரம். கொட்ட வேண்டியதில்லை.

சத்து மாவு, பாலில் கலக்கும் பொடி எல்லாம் வாங்க வேண்டுமா? புரதத்துக்கு எது கட்டுபடியாகும்?

16 முதல் 18 வயதுப் பையனுக்கு நாளைக்கு 55 கிராம் புரதம் வேண்டும், பெண்ணுக்கு 46. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று போட்டுப் பார்த்தேன். மீல்மேக்கர் கிலோ 150, அதில் பாதி புரதம், கிராமுக்கு 30 காசு. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் 55 காசு பக்கம். முட்டை 6 ரூபாய், 6 கிராம் புரதம், கிராமுக்கு ஒரு ரூபாய். நீலப் பாக்கெட் பால் அரை லிட்டர் 20 ரூபாய், கிராமுக்கு ஒன்றேகால். எலும்போடு வாங்கும் கோழிக்கறி ஒரு ரூபாய் 80 காசு வரும். வீட்டில் இருந்த பானப் பொடியின் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். 100 கிராமில் 7 கிராம் புரதம், சர்க்கரை அதைப் போல் பல மடங்கு. 500 கிராம் 270 ரூபாய். ஒரு கிராம் புரதம் 7 ரூபாய்க்கு மேல்.

அன்றோடு அதை நிறுத்திவிட்டேன். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமும், இந்த மாதிரிப் பொடிகளை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த 270 ரூபாய்க்கு 45 முட்டை வரும். நாமக்கல் நம் பக்கத்தில்தான் இருக்கிறது, தட்டுக் கணக்கில் வாங்கினால் இன்னும் குறையும்.

பாலை மட்டும் குறைக்க வேண்டாம். எலும்பு வளரும் வயது, நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கேட்கிறது. பால் வாங்க முடியாத நாளில் கேழ்வரகு கை கொடுக்கும், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

மீன் ஏன் கோடையில் மட்டும் இந்த விலை?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தடை. நாட்டுப்படகில் வருவது மட்டும்தான் சந்தைக்கு வரும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்கள் முழுக்க இந்தத் தடைக்குள் அடங்கிவிடுகிறது. நான் அந்த இரண்டு மாதமும் கடல் மீன் வாங்குவதில்லை. ஏரிக் கெண்டை, ஜிலேபி, இல்லையென்றால் தடைக்கு முன்பே வாங்கி வைத்த நெத்திலிக் கருவாடு. கத்தரிக்காய், மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று அரிசி அரைப்படி கூடுதலாக வடிக்க வேண்டும், அது வேறு.

காய்கறி?

தென்னூர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போவேன். பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். கோடையில் முருங்கைக்காய், வெள்ளரி, மாங்காய், பூசணி மலிவு. நுங்கும் தர்பூசணியும் இருக்கும்போது பாட்டில் ஜூஸ் எதற்கு?

நூடுல்ஸ், சிப்ஸை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்குப் பிள்ளைகளே முட்டையும் கேரட்டும் போட்டுச் செய்வார்கள். அடியோடு நிறுத்தினால் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுவார்கள்.

கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

தீரும். எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் பள்ளி நாட்களில் 42 நாள் வரும், மே மாதம் 29 நாள். மாட்டிய தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், அப்போதுதான் செலவு பிடிபடும். குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் காயோ முட்டையோ என்று ஒன்றாக வேகவைப்பது, பயறை நன்றாக ஊறவைப்பது, விசில் வந்ததும் தணலைக் குறைப்பது என்று சில பழக்கங்களில் நாலைந்து நாள் மிச்சம் பிடித்தேன். பழைய சோற்றுக்கும் மோருக்கும் கேஸே வேண்டாம்.

பள்ளிச் சத்துணவை நம்பியிருக்கும் குடும்பம் விடுமுறையில் என்ன செய்வது?

எங்கள் வீட்டில் வேலைக்கு உதவும் அக்கா கேட்ட கேள்வி இது. இரண்டு பையன்களும் அரசுப் பள்ளியில், எட்டாவதும் பத்தாவதும். பள்ளி நாளில் மதியம் சூடான சாப்பாடு, வாரத்துக்கு ஐந்து முட்டை. விடுமுறை ஐந்து வாரம் என்றால் ஒரு பிள்ளைக்கு 25 சாப்பாடும் 25 முட்டையும் நின்றுபோகிறது. முட்டைக்கு மட்டும் இரண்டு பையனுக்கும் சேர்த்து 300 ரூபாய். நான் 1,600 ரூபாயை பாக்கெட்டில் விட்ட அதே மாதத்தில், அவருக்கு அந்த 300 பெரிய தொகை.

ரேஷன் பொருளை ஒன்றுவிடாமல் வாங்கச் சொன்னேன். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. மே மாதம் பொருள் வர வர முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். இட்லிக்கு அந்த அரிசி அருமையாக இருக்கும். மீல்மேக்கரும் பொட்டுக்கடலையும் முட்டைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சி ஊர்களில் அம்மா உணவகம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. பந்தியில் உட்கார யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பள்ளிச் சத்துணவு, 1956-ல் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டம். 2004-ல் உச்ச நீதிமன்றம் வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போடச் சொன்னது. கொரோனா வந்த 2020-ல் பள்ளி மூடியிருந்தபோது அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் அரிசி, பருப்பு, முட்டை என்று பையில் போட்டுக் கொடுத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு நிம்மதியாக எரியும். கிராம சபை மே 1-ம் தேதியும் கூடுகிறது. அங்கே எழுந்து இதைக் கேளுங்கள்.

சொந்தக்காரப் பிள்ளைகள் ஒரு மாதம் வந்து தங்கினால் காசு கேட்கலாமா?

கேட்க மாட்டேன். ஆனால் அக்கா வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை. போன தடவை 10 கிலோ பொன்னி அரிசி, 15 தேங்காய், ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெய் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கியது. "என்னக்கா, எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டேன், வாங்கியும் வைத்துக்கொண்டேன். காலாண்டு விடுமுறைக்கு என் பிள்ளைகள் அங்கே போவார்கள். அப்போது இங்கிருந்து ஒரு தட்டு முட்டையும் மணப்பாறை முறுக்கும் போகும். உங்கள் வீட்டில் கை நெருக்கடி என்றால் கூடப்பிறந்தவர்களிடம் மறைக்க வேண்டாம். "இந்த வருஷம் பதினைந்து நாள் இங்கே, பதினைந்து நாள் அங்கே" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பிள்ளைகள் காதில் விழாமல் பேசுங்கள்.

பிள்ளைகளைச் சமைக்கவிட்டால் வீணாக்குவார்களே?

முதல் வாரம் வீணாகும். என் பையன் சுட்ட முதல் தோசை கல்லோடு ஒட்டி, சுரண்டி எடுக்க அரைமணி ஆனது. இப்போது ராத்திரி தோசை அவன் பொறுப்பு. மாவு எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று அவனே பார்க்கிறான். தங்கைக்கு முதலில் சுட்டுப் போட்டுவிட்டுத்தான் தனக்கு ஊற்றுகிறான், அதை நான் சொல்லித்தரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் செலவு பழையபடி ஆகிவிடுமா?

பாக்கெட் செலவு குறையும். அரிசியும் பாலும் அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் மார்ச்சில் பள்ளிக்குப் போன பையன் வேறு, ஜூனில் போகிறவன் வேறு. சீருடை பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும். அதைத் தைக்கக் கொடுக்கும்போதே டிபன் பாக்ஸையும் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுங்கள்.